பொனற்றைத் தூக்குங்கோ, உள்ளுக்குப் பாப்பம்!

குனிஞ்சு வாங்கோ, தகரம் தாழ்வு. காலடியில் ஒயில் தட்டு இருக்கு, மிதிச்சுப்போடாதையுங்கோ. அந்த லான்ட்மாஸ்ரர் சில்லைச் சுற்றி இந்தப் பக்கம்... ஆ, வந்தாச்சு! இதுதான் நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்ட இடம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், முள்ளிவாய்க்காலில், ஒரு பக்கம் நந்திக்கடலும் மறுபக்கம் பெருங்கடலும் நெருக்கிப் பிடித்திருக்கும் மணல் துண்டில், நாலு தூணும் தகரக் கூரையுமாக ஒரு கராஜ். அதன் நடுவில் வாயைத் திறந்துகொண்டு, சாம்பல் நிறத்தில், உருண்டை உடம்போடு நிற்கிறாள் ஒரு மொறிஸ் மைனர்!

இந்தப் பக்கத்துக் கராஜ்களுக்கு வருவது மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம், மீன் ஏற்றுகிற சின்ன லொறி. மொறிஸ் மைனர் வந்தால் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு நிற்கிறார்கள். நிற்கட்டும், நானும் அவர்களோடு சேர்த்திதான்.

இப்படி ஒரு வண்டி இந்த மண்ணுக்கு ஓடி வருவதே பெரிய விசயம். 2009இன் இறுதிப் போரில் சனம் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிழக்கே வந்தபோது உருளக்கூடிய எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்தது: உழவு இயந்திரம், லொறி, வான், பஸ், சைக்கிள். அவை வந்து முடிந்த இடம் இதுதான். எரிந்ததும் நொறுங்கியதுமாக ஆயிரக்கணக்கான வாகனங்கள் போருக்குப் பிறகும் இந்தக் கரையில் குவிந்து கிடந்தன. அதைக் கண்டவர்களுக்கு, ஒரு பழைய எஞ்சின் தன்பாட்டில் முனகிக்கொண்டு வீதியால் வந்து கராஜுக்குள் திரும்பினால் ஏன் கை தட்டத் தோன்றுகிறது என்று விளக்கத் தேவையில்லை. இவள் அப்போது இங்கே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கொட்டிலுக்குள் படங்கு மூடிக் கிடந்தவளாம்.

வயதைக் கேட்கிறீர்களா? கேட்க வேண்டாம், கண்டுபிடிப்போம்! முன் கண்ணாடி ஒரே துண்டு, நடுவில் பிரிக்கிற சட்டம் இல்லை. அந்த மாற்றம் வந்தது 1956இல். கதவுத் தூணைப் பாருங்கோ: திரும்பும்போது விளக்கோடு வெளியே நீட்டுகிற சின்னக் கை. 1961இல் அந்தக் கையை எடுத்துவிட்டு மினுக்கு விளக்கு வைத்தார்கள். ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில் பிறந்தவள், 948 சிசி எஞ்சின்காரி. இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. அந்த ஓர் எழுத்துத்தான் 1957-58இல் தமிழரசுக் கட்சிக்காரரை வீதிக்கு இறக்கியது; அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டினார்கள். ஒரு முழத் தகட்டில் எவ்வளவு கிடக்குது! சரி, சரி, எஞ்சினுக்கு வருவோம், மெக்கானிக் அண்ணை என்னை முறைக்கிறார்.

வருத்தம் என்னவென்றால், தண்ணி குறையுது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நேற்று வண்டியைக் கொண்டுவந்தபோதே அளந்து சொன்னார்.

"தம்பி, காலமை முட்ட நிரப்பினால் பின்னேரம் ஒரு போத்தல் குறையுது. கீழ பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை. அப்ப தண்ணி எங்க போகுது?"

"கீழ விழாத ஒழுக்கோ, மாஸ்ரர்?" அண்ணையின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேணும்! "அப்ப விளையாட்டு இருக்கு."

நிலத்தில் குளம் கட்டுகிற ஒழுக்கில் சுவாரசியம் இல்லை. ஹோஸ் கிழிந்திருக்கும், மாற்றிவிட்டுப் போகலாம். சூடான இரும்பில் பட்டு ஆவியாகிப் போகிற ஒழுக்குத்தான் ஆளைச் சுற்றவைக்கும். இன்னொரு வேடிக்கை: இந்தக் காருக்கு வெப்பமானியே கிடையாது! டாஷ்போட்டின் நடுவில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் வேகம், பெற்றோல் அளவு, ஒயிலுக்கு ஒரு விளக்கு, சார்ஜுக்கு ஒரு விளக்கு. எஞ்சின் கொதிக்கிறதா என்பதை அறிய வழி? பொனற் இடுக்கால் புகை வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் இந்தக் காரை வரைந்த அலெக் இசிகோனிஸ், ஓட்டுபவரை வீண் தகவல்களால் கவலைப்படுத்த விரும்பவில்லைப் போலும்.

திரையை முழுதாக விலக்கமுன் மேடை அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே சுற்றுவது ஏறத்தாழ ஐந்து லீற்றர் தண்ணி. முன்னால் பித்தளை றேடியேற்றர். அதன் அடியிலிருந்து ஒரு ஹோஸ் வோட்டர் பம்முக்கு. பம் அதைப் புளொக்குக்குள் தள்ளும்; சிலிண்டர்களைச் சுற்றி ஏறி, ஹெட்டுக்குப் போய், மேல் ஹோஸ் வழியாகத் திரும்ப றேடியேற்றருக்கு. ஹெட்டின் வாசலில் தேர்மோஸ்ரற் என்கிற காவல்காரன்; தண்ணி நன்றாகச் சூடேறும்வரை கதவைத் திறக்க மாட்டான். றேடியேற்றர் மூடிக்குள் ஒரு ஸ்பிறிங், சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். அந்த அழுத்தம் இருந்தால் தண்ணி 100 பாகையில் கொதிக்காது, 111 அளவுக்குப் போக வேணும். மூடி பழுதானால் அந்தப் பதினொரு பாகையும் போச்சு. ஆகவே அண்ணை முதலில் பார்ப்பது மூடியின் றப்பரை. நல்லாய்த்தான் இருக்கு.

முதல் நாள் இரவே ஒரு தந்திரம் செய்திருந்தார். எஞ்சினுக்குக் கீழே பழைய உதயன் பேப்பரை விரித்துவைத்துவிட்டுப் போயிருந்தார்! காலமை அதை இழுத்து வெளியில் பிடித்து வாசிக்கிறார், செய்தியை அல்ல, கறையை. "இது ஒயில். இதுவும் ஒயில். இது கியர்பொக்ஸ் ஒயில், இங்கிலீசுக்காரன் வண்டியெல்லே. இஞ்ச பாருங்கோ, இது!" பேப்பரின் முன்னோரத்தில், காய்ந்துபோன ஒரு சின்ன வட்டம். விளிம்பில் மட்டும் துருநிறம். தண்ணி விழுந்து, காய்ந்து, தன் கையெழுத்தை வைத்துவிட்டுப் போயிருக்கு. ஒரே ஒரு சொட்டு! எஞ்சின் ஆறும்போது தப்பி விழுந்த ஒன்று. ஆக, ஆள் முன்பக்கத்தில் இருக்கிறார்.

பேப்பர் சொன்னதற்காக மற்றவர்களை விட்டுவிட முடியாது. சந்தேக நபர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். றேடியேற்றரின் ஈயப் பற்றுகள் உலர்ந்து கிடக்கின்றன. மேல் ஹோஸை நசுக்கிப் பார்க்கிறார், வெடிப்பில்லை. புளொக்கின் பக்கவாட்டில் காசு போலப் பதிந்திருக்கிற வெல்ஷ் பிளக்குகள் துருப்பிடித்தால் ஊசித் துளை விழும். இவை கறுத்திருந்தாலும் ஈரமில்லை. அடுத்தது பம். இதற்குக் கீழே ஒரு சின்னத் துளை உண்டு, வேண்டுமென்றே வைத்தது. உள்ளிருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணி பெயாரிங்குக்குப் போகாமல் அந்தத் துளையால் வடிந்து 'நான் முடிஞ்சன்' என்று சொல்லும். விசயம் தெரியாத சிலர் அந்தத் துளையை அடைத்துவிடுவார்களாம்! சொல்லும்போதே அண்ணைக்குக் கோபம் வருகிறது.

ஹெட் காஸ்கெற் போயிருந்தால்தான் செலவு. மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை இயக்கி, றேடியேற்றர் வாயில் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். குமிழி இல்லை. ஒயில் குச்சியில் பால் நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. மாஸ்ரர் அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை விடுகிறார். (இதெல்லாம் எஞ்சின் ஆறியிருந்தபோது. சூடாயிருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிற தண்ணி மூடி விலகிய நொடியே கொதித்துப் பாயும், முகத்தைத்தான் தேடி வரும். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் புளொக் வெடிக்கவும் கூடும். இந்த இரண்டில் மட்டும் அண்ணையிடம் பகிடி கிடையாது.)

இனித்தான் எனக்குப் பிடித்த காட்சி! கராஜ் பெடியன் ஓடிப்போய் ஒரு பொருள் கொண்டுவருகிறான். என்ன தெரியுமோ? குழந்தைப் பிள்ளைப் பவுடர்! பம்மைச் சுற்றித் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, பவுடரை உள்ளங்கையில் கொட்டி, பூ என்று ஊதுகிறார் அண்ணை. எஞ்சினின் முன்பக்கம் முழுக்க வெள்ளை! கராஜ் முழுக்கத் தொட்டில் வாசம்! மூடியைப் பூட்டி, எஞ்சினை இயக்கி, சூடேறவிட்டு, எல்லாரும் குந்தியிருந்து பார்க்கிறோம். உலர்ந்த பவுடரில் ஈரம் பட்டால் கோடு தெரியும். பார்க்கிறோம், பார்க்கிறோம்... பம்முக்கு மேலே, தேர்மோஸ்ரற் வீட்டுக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடுக்கிலிருந்து மெல்லிய சாம்பல் கோடு ஒன்று இறங்குகிறது.

"பிடிச்சிட்டன்!"

எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, முகம் வழிக்கிற சின்னக் கண்ணாடியை இடுக்குக்குள் விட்டு, ரோச் அடிக்கிறார். கண்ணாடிக்குள் தெரிகிறது: கட்டைவிரல் நீளங்கூட இல்லாத ஒரு றப்பர்க் குழாய். பம்மின் தலைக்கும் ஹெட்டின் அடிக்கும் இடையில் ஒளிந்திருக்கிற பைபாஸ் ஹோஸ்! தேர்மோஸ்ரற் கதவு பூட்டியிருக்கும்போது பம் தள்ளுகிற தண்ணி எங்கேயாவது சுற்றி வர வேண்டுமே, அதற்கான குறுக்கொழுங்கை அது. வெளியிலிருந்து பார்த்தால் இருக்கிறதே தெரியாது. றப்பர் இறுகி, கிளிப்புக்கு அருகில் நூல் போல ஒரு வெடிப்பு. குளிரில் மூடிக்கொள்ளும், சூட்டில், அழுத்தத்தில் திறந்து, ஹெட்டில் பட்டுச் சத்தமில்லாமல் ஆவியாகும். ஒரு போத்தல் தண்ணி போன வழி அதுதான்.

இந்த ஹோஸைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம் பேசலாம். ஏ-சீரிஸ் என்ற இந்த எஞ்சின் 1951இல் ஒஸ்ரின் ஏ-30 காரில் வந்தது, பிறகு மைனருக்குள், 1959இல் அதே இசிகோனிஸ் அதைக் குறுக்காகத் திருப்பி மினிக்குள் வைத்தார், 2000இல் பழைய மினி நிற்கும்வரை அந்தக் குடும்பம் ஓய்வெடுக்கவில்லை. இந்த எஞ்சினைத் தொட்ட எந்த நாட்டு மெக்கானிக்கிடம் கேட்டாலும் இந்தச் சின்ன றப்பரை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார். ஏனென்றால் இரண்டு முனையும் அசையாத இரும்பு. நடுவில் விரல் நுழையாது. முறைப்படி என்றால் றேடியேற்றரைக் கழற்றி, விசிறியைக் கழற்றி, பம்மைக் கழற்றி, அங்குலத் துண்டொன்றுக்காக அரை எஞ்சினை மேசையில் பரப்ப வேணும்.

"பொருளாதாரத் தடைக் காலத்தில என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது எவ்வளவு நல்லதாய்ப் போச்சு!

1990இலிருந்து 2002 தொடக்கம்வரை வன்னிக்குள் அரசாங்கம் பெற்றோல் வர விடவில்லை, பற்றறி வர விடவில்லை, உதிரிப்பாகம் கனவு. அப்படியும் கார்கள் ஓடின! பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் போன்ற பழசுகளுக்குத்தான் அது சரிவந்தது. அவற்றின் அமுக்கம் குறைவு, மண்ணெண்ணெயில் தட்டினாலும் தாங்கும். ஆனால் மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக எஞ்சின் சூடாயிருக்க வேணும். குளிர்ந்தால் எரியாமல் வழிந்து சம்பில் ஒயிலோடு கலந்துவிடும். அந்தக் காலத்துப் பேகுசன் உழவு இயந்திரங்களில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே ஒரு மாதிரி இருந்தது. அப்படியான இயந்திரங்களின் றேடியேற்றருக்கு முன்னால் திரை கட்டிச் சூட்டைக் காப்பாற்றுவார்கள்.

"இப்ப எல்லாரும் எஞ்சின் கொதிக்குது எண்டு வருகினம். நாங்கள் தொழில் பழகேக்க எஞ்சினைக் கொதிநிலைக்குக் கிட்ட வைச்சிருக்கப் பாடுபட்டனாங்கள்," என்று சிரிக்கிறார் அண்ணை. "ஹோஸ் வெடிச்சால் சைக்கிள் ரியூப்பை நீளமா வெட்டி, இழுத்து இழுத்துச் சுத்தி, மேல கம்பி. றேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள்தூள்."

மஞ்சள்தூள்! நான் துள்ளியே விட்டேன். இந்தியாவில் லொறி ஓட்டிகள் செய்கிற அதே வைத்தியம். முட்டை வெள்ளைக்கரு ஊற்றுகிற ஆட்களும் உலகெங்கும் உண்டு. சூட்டில் வெந்து ஓட்டையை அடைக்குமாம். அடைக்கும்தான். அதோடு றேடியேற்றரின் நுண்ணிய குழாய்களையும் அடைக்கும். ஆபத்துக்கு வீடு போய்ச் சேர உதவுமே தவிர, பிறகு கழுவித் துடைக்கிறவன் பாடு பாடுதான்.

அதே 1990களில் இந்தத் தீவின் இன்னொரு கோடியில் நடந்ததைக் கேளுங்கோ. தெற்கே டியூறபிள் கார் கொம்பனி என்ற ஒன்று மொறிஸ் மைனருக்கான தகட்டு உதிரிப்பாகங்களைச் செய்து கப்பலேற்றிக்கொண்டிருந்தது, இங்கிலாந்துக்கு! பாத் நகரில் மைனர்களுக்கே ஒரு நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் தொடக்கிய முயற்சி. பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து மட்காட் போகிறது; வன்னிக்கோ ஒரு ஹோஸ் கிளிப் வரவில்லை.

சரி, அண்ணையின் கையில் இப்போது என்ன? புதுப் பைபாஸ் ஹோஸ், மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி போல! அமுக்கினால் சுருங்கும். எஞ்சின் ஆறியதும் தண்ணியை வடித்துவிட்டு, பழசைக் கத்தியால் கீறி இழுத்தெடுத்தாயிற்று. இரண்டு இரும்பு மூக்குகளையும் சுரண்டிச் சுத்தமாக்கினார். துரு மேடு ஒன்று மிஞ்சினாலும் அதன் வழியே மறுபடி ஒழுகும். கிளிப்புகளை முதலே கோத்துக்கொண்டார், திருகாணித் தலை இரண்டும் ஸ்குறூ டிறைவருக்கு எட்டும் பக்கமாக. இதில் பிழைத்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேணும்.

அடுத்து வருவதுதான் வித்தை. ஹோஸை இரு விரலுக்கிடையில் முழுதாக நசுக்கி, தூண்டில் தங்கூசியால் குறுக்கும் மறுக்கும் இறுக்கிக் கட்டுகிறார். கடற்கரைக் கராஜெல்லே, தங்கூசிக்குப் பஞ்சமா! கட்டியதும் ஹோஸ் ஒரு தடித்த காசளவுக்குச் சுருங்கிவிட்டது. முனைகளில் சவர்க்காரத் தண்ணி தடவி, இடுக்குக்குள் வழுக்கிவிட்டு, மேலும் கீழும் வாய்க்கு வாய் பொருத்திப் பார்த்து, பிளேட்டை நீட்டித் தங்கூசியை அறுக்கிறார். படக்! ஹோஸ் தானாக விரிந்து இரண்டு மூக்கையும் கவ்விக்கொண்டது! பம் கழற்றவில்லை, றேடியேற்றர் கழற்றவில்லை! வாசலில் நின்ற பிள்ளைகள் கத்துகிறார்கள், நானும்தான்.

தங்கூசித் துண்டுகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த பிறகே கிளிப்பை இறுக்கினார். இறுக்குவதிலும் அளவு வேணும். கூடினால் புது றப்பரைக் கிளிப்பே வெட்டும்.

தண்ணி ஊற்றும் நேரம் வந்ததும் மாஸ்ரர் கிணற்றடிக்கு வாளியோடு புறப்பட்டார். அண்ணை பாய்ந்து மறித்தார். "ஐயோ மாஸ்ரர், அந்தத் தண்ணிதானே இவ்வளவு துருவுக்கும் காரணம்!" இந்த மணல் திட்டில் நல்ல தண்ணி மேலாக மிதக்கும், கீழே உவர். கோடையில் கிணறு இறங்க இறங்க உப்பு ஏறும். அந்த உப்பு எஞ்சினுக்குள் போனால் இரும்பு, பித்தளை, ஈயம், அலுமினியம் எல்லாம் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். ஆகவே மாரியில் தகரத்தால் வழிந்ததைப் பரலில் பிடித்துவைத்த மழைத் தண்ணி. அதில் பாதிக்குப் பாதி பச்சைக் கூலன்ற். இந்த ஊரில் தண்ணி உறையப்போவதில்லை, பிறகு கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது கொதிநிலையை ஏற்றும், துருவைத் தடுக்கும். உறைபனிக்காக இங்கே யாரும் அதை வாங்குவதில்லை. ஒரு தொல்லை, அதன் இனிப்பு. நாய் நக்கினால் சாகும். கராஜ் நாய் மூக்கை நீட்டிக்கொண்டு வர, பெடியன் சிந்தியதைத் தண்ணி ஊற்றிக் கழுவித் துடைக்கிறான்.

மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். எஞ்சின் ஓடுகிறது. மேல் ஹோஸ் குளிர்ச்சி, குளிர்ச்சி, இன்னும் குளிர்ச்சி, திடீரென்று சுடுகிறது! காவல்காரன் கதவைத் திறந்துவிட்டான். 'இந்த ஊர்ச் சூட்டுக்கு இவன் எதற்கு' என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிகிற மெக்கானிக்குகள் ஏராளம். அண்ணை அந்தக் கட்சி இல்லை. எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடினால் சிலிண்டர் விரைவாகத் தேயும் என்பது அவர் கணக்கு. நானும் அவர் பக்கமே.

திரும்பப் பவுடர், திரும்ப ரோச், திரும்பக் கண்ணாடி. கோடு இல்லை!

"நாளைக்குக் காலமை எஞ்சின் ஆறியிருக்கேக்க வாங்கோ மாஸ்ரர். புது றப்பர் ஒருக்கால் சூடாகி ஆறினால் கொஞ்சம் இளகும், கிளிப்பை இன்னொருக்கால் பிடிச்சுவிட வேணும். வரேக்க நேரம் வைச்சுக்கொண்டு வாங்கோ, ஒரு வெப்பமானியும் பூட்டிவிடுறன்."

"வெப்பமானியோ? அறுபது வருசமா அது இல்லாமல் ஓடின கார், தம்பி."

"அறுபது வருசமா ஒருத்தருக்கும் தெரியாமல் கொதிச்சிருக்கும், மாஸ்ரர்."

"டாஷ்போட்டில ஓட்டை போடவோ? விடமாட்டன்."

"ஓட்டை வேண்டாம், கீழ தகட்டில தொங்கவிடுவம்."

"அப்ப நான் றோட்டைப் பார்க்கிறதோ, உம்மட முள்ளைப் பார்க்கிறதோ?"

அண்ணை பதில் சொல்லவில்லை. பெடியன் பக்கம் கண்ணைக் காட்டினார். அவன் அதற்குள்ளேயே தகரப் பெட்டியொன்றைக் கவிழ்த்து, எந்த லொறியிலிருந்தோ கழற்றிய மீற்றர்களைச் சாரத்தில் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். மாஸ்ரர் கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை முடுக்கினார். "விலை எவ்வளவு எண்டு மட்டும் சொல்லும்!" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டது என் காதில் நன்றாக விழுந்தது.